படிக்க ஒன்று, சமைக்க ஒன்று

மந்தைவெளி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், வாடகை நூலகம் ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். அவருடைய அப்பா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். எடைக்கு வந்த புத்தகங்களில் கிழியாதவற்றை ஒதுக்கி ஒதுக்கி ஒரு அறை நிறைந்துபோனது. மகன் அதற்கு நூலகம் என்று பெயர் வைத்துவிட்டார். இதைவிட மோசமான காரணங்களுக்காக இலக்கிய அமைப்புகள் தொடங்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர் புத்தகம் படிப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "அல்வா கடைக்காரன் அல்வா துன்றானா சார்?" என்பார்.

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன். மொழிபெயர்ப்பு என்றதும் தடித்தடியான ரஷ்ய நாவல்களை நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பார்க்க வேண்டாம். மிக்ஸி, வாஷிங் மெஷின், குக்கர் இவற்றோடு டப்பாவுக்குள் வந்து, யாராலும் படிக்கப்படாமல் குப்பைக்குப் போகும் கையேடுகள்தான் என் படைப்புகள். ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள் என்பதை என்னைவிட அதிக விதமாக எழுதியவர் தமிழில் இருக்க முடியாது. தனி ஆள். இரண்டு வேளையும் தெருமுனை மெஸ். அந்த சாம்பாரைக் கடந்துபோக எனக்குத் தெரிந்த ஒரே வழி, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சமையல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வது. கண் ஒன்றைச் சாப்பிடும், வாய் இன்னொன்றை. இப்படியே அந்த நூலகத்தின் சமையல் அலமாரி முழுவதையும் படித்து முடித்துவிட்டேன். அடுப்பு மட்டும் பற்றவைத்ததில்லை.

ஒருநாள் நூலகக்காரர் என்னை மடக்கினார்.

"சார், கதை புக்கு எவனும் எட்த்துக்கினு போ மாட்றான். நீதான் எல்லாத்தையும் படிச்சிக்கினு கீறியே. மாசம் ஒரு நல்ல புக்கு சொல்லு. கீழ போர்டு மாட்டி எய்தி வெச்சிடலாம்."

சார் என்று ஆரம்பித்து நீ என்று முடிப்பதுதான் அவர் மரியாதை. நான் ஒரு நிபந்தனை போட்டேன். கதைப் புத்தகம் ஒன்று சொன்னால் சமையல் புத்தகமும் ஒன்று சொல்வேன். தமிழில் பொய்யில்லாமல் எழுதப்படுவது அந்த ஒரு வகைதான் என்பது என் கட்சி. கதாசிரியன் அழவைக்கிறேன் என்று அழவைக்காமல் விட்டால் யாரும் போய்க் கேட்க முடியாது. பாயசம் வரும் என்று சொல்லிப் பாயசம் வராவிட்டால் சண்டைக்குப் போகலாம்.

மாடிப்படிக்குக் கீழே கரும்பலகை வந்தது. மாதம் பிறந்ததும் அதில் சாக்பீஸால் இரண்டு பரிந்துரை எழுதுவேன். ஒரு நாவலுக்கு, "முதல் ஐம்பது பக்கம் மழை பெய்துகொண்டே இருக்கும். நனைந்தால் பரவாயில்லை என்பவர்கள் எடுக்கலாம்" என்று எழுதினேன். ஒரு சமையல் புத்தகத்துக்கு, "எழுதியவருக்குக் கணவர் மேல் ஏதோ கோபம். துவையல் அத்தியாயத்தில் தெரிகிறது" என்று எழுதினேன். சமையல் புத்தகங்கள் பறந்தன. நாவல்கள் அலமாரியிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தன.

அப்புறம்தான் மிஸ் வந்தார்.

சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கான்வென்ட் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். எந்த வெயிலிலும் கையில் குடை, எந்த மழையிலும் அதை விரிக்கமாட்டார். மாடியேறி வந்ததும் கேட்டார்.

"அந்த போர்டு எழுதறது யாரு?"

நூலகக்காரர், பிக்பாக்கெட்டைப் போலீசுக்குக் காட்டுவதுபோல் என்னைக் காட்டினார்.

"தம்பி, நீங்க சொன்ன நாவலைப் படிச்சேன். நானூறு பக்கம். ஒருத்தர்கூட சாப்பிடல. ஒரு கல்யாணம் நடக்குது, ரெண்டு சாவு விழுது, கோர்ட்ல கேஸ் நடக்குது. ஒரு இடத்துலயும் இலை போடல. அப்புறம் எப்படி உயிரோட இருந்தாங்க?"

"அது மனப்போராட்டத்தைப் பத்தின நாவல் மிஸ்."

"மனசு போராடினா பசிக்காதா? எனக்கு அப்பதான் ரொம்பப் பசிக்கும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய், எனக்குப் பிடித்த நாவல்களையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். மிஸ் சொன்னது சரி. கதாநாயகர்கள் காபி குடிக்கிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள், கடலைப் பார்க்கிறார்கள். தட்டில் கை வைத்தவன் ஒருத்தன் இல்லை. அதற்குப் பிறகு மனிதர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிற நாவல்களாகத் தேடி எழுத ஆரம்பித்தேன். ஆச்சரியம் என்னவென்றால் அவை நல்ல நாவல்களாகவும் இருந்தன. மிஸ் ஒவ்வொரு மாதமும் இரண்டு புத்தகங்களையும் எடுத்துப்போவார். மாதக் கடைசி சனிக்கிழமை, சமையல் புத்தகத்தைப் பார்த்துச் செய்ததை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து எங்கள் முன் திறந்து வைத்துத் தீர்ப்புச் சொல்வார். ஒரு நாவலின் கதாநாயகனைப் பற்றி, "ஆள் சரியில்ல, ஆனா புளி கரைக்கத் தெரிஞ்சவன்" என்றார். அவனைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நான் ஒரு பழைய சமையல் புத்தகத்தைப் பரிந்துரைத்தேன். தி. நகரில் வசிக்கும் ஒரு மாமி எழுதியது. நான் படித்த சமையல் புத்தகங்களில் அதுதான் தலைசிறந்தது. எண்ணெய் பிரிகிற நேரத்தை அந்த மாமி எழுதியிருக்கும் விதத்தைப் படித்தால், எனக்கே அடுப்படிக்குப் போகலாமா என்று தோன்றும். போர்டில் வானளாவப் புகழ்ந்து வைத்தேன்.

அந்த மாதம் மிஸ் கடைசி சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை.

"உப்பு, தேவையான அளவு. புளி, தேவையான அளவு. மிளகாய்ப்பொடி, தேவையான அளவு. யாருக்குத் தேவையான அளவு தம்பி? என் ஸ்டூடண்ட் ஒரு கணக்கு போட்டு, விடை தேவையான அளவுன்னு எழுதினா நான் மார்க் போடுவேனா?"

"சமையல்ல அது கைப்பக்குவம் மிஸ்."

"அவங்க கை அவங்ககிட்ட இருக்கு. எனக்கு புக்குதானே குடுத்தீங்க?"

கீழே இறங்கிப்போய், என் புகழுரைக்கு அடியில் சாக்பீஸால், அச்சடித்தது போன்ற பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதினார்: "அளவு இல்லாத புத்தகம். ஜாக்கிரதை."

தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். யாரோ அதைப் போட்டோ எடுத்துக் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். அங்கே தேவையான அளவுக்கு ஆதரவாகவும் எதிராகவும் இரண்டு கட்சி பிரிந்து, குப்பை வண்டி வராத பிரச்சினையே மறந்துபோயிற்று. நூலகக்காரருக்கு ஒரே குஷி. "சார், இன்னா ஆனாலும் அத்த அழிக்காத" என்றார்.

வாட்ஸப் என்பது மந்தைவெளியில் நிற்கிற சாமான் இல்லை. மிஸ் வரவேண்டிய சனிக்கிழமை அன்று, மிஸ்ஸும் நானும் உள்ளே இருக்கும்போது, கீழே ஆட்டோ வந்து நின்றது. எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்தார். காட்டன் புடவை, ஒரு துணிப்பை.

"கீழ போர்டுல எழுதினவா யாரு?"

நூலகக்காரர் இந்த முறை இரண்டு கைகளாலும் எங்கள் இருவரையும் காட்டினார்.

"அந்தப் புஸ்தகம் எழுதினது நான்தான்" என்றார் அவர்.

நான் பயணக் கட்டுரைகள் அலமாரிக்குப் பின்னால் நகர்ந்தேன். மிஸ் நகரவில்லை. நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "உட்காருங்க மேடம். நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. வத்தக்குழம்புக்கு உப்பு எவ்வளவு?" என்று கேட்டார்.

மாமி உட்கார்ந்தார். நூலகக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

"அதைக் கேட்டுண்டு போகத்தான் வந்தேன்" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. மாமி மெதுவாகச் சொன்னார். அவர் சமைக்கும்போது எதையும் வாயில் வைத்துப் பார்த்ததே கிடையாது. சுவாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்று வளர்ந்தவர். கொதி வரும்போது எழும் ஆவியை முகர்ந்தே உப்புப் போதுமா, புளி தூக்கலா என்று சொல்லிவிடுவார். அதனால் அளவு என்ற ஒன்று தேவைப்பட்டதேயில்லை. கொரோனா ஜுரம் வந்து போனபோது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"டாக்டர் வந்துடும் வந்துடும்னார். அது வந்துண்டே இருக்கு, ஆத்துக்குத்தான் இன்னும் வந்து சேரலை. பையனும் மாட்டுப்பொண்ணும் ஒரு வார்த்தை சொல்றதில்லை. சத்தமில்லாம தயிரை விட்டுண்டு எழுந்துடறா. நன்னா இருக்கான்னு கேட்டா, நன்னா இருக்குங்கறா. உங்க போர்டு போட்டோவைப் பார்த்தேன். யாரோ ஒருத்தி திட்டறாளேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தது."

மிஸ் குடையின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"நாலு பேருக்கு பன்னிரண்டு கிராம். எலெக்ட்ரானிக் தராசு வச்சிருக்கேன். மூணு தடவை செஞ்சு பார்த்தேன். முதல் ரெண்டு தடவையும் உங்களைத் திட்டிக்கிட்டேதான் சாப்பிட்டேன்."

"மூணாவது தடவை?"

"திட்ட மறந்துட்டேன். தட்டை வழிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்."

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து தி. நகரில் மாமி வீட்டில் வேலை ஆரம்பமானது. புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அளவு கண்டுபிடிப்பது என்று இரண்டு பேரும் முடிவுசெய்தார்கள். ருசி பார்க்க ஒரு ஆள் வேண்டுமென்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறவன் என்று தெரிந்ததும் மாமி, "அப்போ எதையும் தாங்கிப்பேள்" என்று தகுதிச் சான்றிதழ் கொடுத்தார்.

மாமியின் மருமகள் முதல் நாள் எங்களை அடுப்படியில் பார்த்துவிட்டு என் காதருகில் வந்து, "என்னையே கல்யாணமாகி ஒரு வருஷம் கழிச்சுதான் இதுக்குள்ள விட்டா" என்றார். மிஸ் கழுத்துச் சிலுவையோடு கல்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். மாமி உப்பு டப்பாவில் கைவிட்டுப் பாத்திரத்துக்கு மேல் கொண்டுபோவார். மிஸ் அந்த மணிக்கட்டை நடுவானில் பிடித்து, தராசுக்குத் திருப்புவார். "கொட்டுங்க." மாமி கொட்டுவார். எண் தெரியும். அப்புறம்தான் உப்பு குழம்புக்குள் போகும். கோயில் பிராகாரத்தில் சுவாமி திரும்புவதுபோல் அந்தக் கை திரும்பும்.

ஒருமுறைதான் சண்டை முற்றியது. குழம்பு நன்றாக அமைந்த சந்தோஷத்தில் மிஸ், "இதுல நெத்திலிக் கருவாடு போட்டா எங்கயோ போயிடும் மேடம்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் புரையேறியது. மாமி அடுப்பை அணைத்தார்.

"எனக்கு இப்போ வாசனை தெரியாதுதான். ஆனாலும் இந்த ஆத்துல வேண்டாம்" என்றார். பிறகு, "உங்காத்துல பண்ணுங்கோ. அதுக்கும் இதே உப்புதானான்னு சொல்லுங்கோ" என்றார். மிஸ் பண்ணிப் பார்த்து வந்து, கருவாட்டிலேயே உப்பு இருப்பதால் பாதி போதும் என்று சொன்னார். மாமி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பொடிகளுக்கு வந்தபோது என்னை நம்பி வெந்தயம் வறுக்க விட்டார்கள். மனிதர்கள் செய்யக்கூடாத தவறு அது. மாமி கூடத்தில் உட்கார்ந்து அந்த மாதத்து நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். மிஸ் தராசுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாக எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னவோ தீயறதே" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

வெந்தயம் கரிக்கட்டையாகியிருந்தது. நான் அடுப்பை அணைக்கப் போனேன். மிஸ் என் கையைத் தட்டிவிட்டார். அவருக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது. மாமி அடுப்படி வாசலில் வந்து நின்றார். அடுப்புப் பக்கம் வந்து வாணலிக்கு மேல் முகத்தை நீட்டி, கண்ணில் நீர் வழிய, "வெந்தயம்" என்றார். இன்னொரு முறை மூச்சை இழுத்தார். "வாசனை போயிடுத்து" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தீய்ச்சுடுங்கோ" என்றார்.

அன்றைக்கு டப்பாவில் இருந்த வெந்தயம் முழுவதையும் கருக்கினேன். என் சமையலை ஒருவர் திரும்பக் கேட்டு வாங்கியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். ஆபீஸிலிருந்து வந்த மருமகள் புகைக்குள் எங்களைத் தேடி, "இங்க என்ன நடக்கறது?" என்று கேட்டார். "சமையல்" என்றார் மாமி.

அதற்குப் பிறகு வாசனை வருவதும் போவதுமாக இருக்கிறது. முதலில் திரும்பி வந்ததெல்லாம் கெட்ட வாசனைகள். தீய்ந்தது, பனகல் பார்க் பக்கம் அழுகின தக்காளி, பஸ் புகை. மல்லிகை இன்னும் வரவில்லை. புத்தகத்தின் புதிய பதிப்பு கிராம் கணக்கோடு வெளிவந்தது. போர்டில் அதைப் பரிந்துரைக்க மிஸ் அனுமதிக்கவில்லை. நாம் மூன்று பேரும் அதில் கை வைத்தவர்கள், அது முறையில்லை என்றார். நூலகக்காரர் சொல்லாமலே ஆட்கள் வந்து கேட்டார்கள். பாதிப் பேர் பழைய பதிப்புதான் வேண்டும், அளவெல்லாம் எங்களுக்கு எதற்கு என்கிறார்களாம்.

புத்தகம் முடிந்த பிறகும் வியாழக்கிழமை நின்றபாடில்லை. போன வாரம் நல்ல மழை. நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மிஸ்தான் டிகாக்ஷன் இறக்கி காபி கலந்து கொண்டுவந்தார். மாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "எனக்கு இது வெறும் வெந்நீர்தான். எப்படி இருக்குன்னு யாராவது சொல்லுங்கோ" என்றார்.

மிஸ் டம்ளரை மூக்குக்கு அருகே பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"பரீட்சை பேப்பரெல்லாம் திருத்தி முடிச்சாச்சு. யாரும் ஃபெயில் இல்ல. ஸ்டாஃப் ரூம்ல ஃபேன் ஓடுது. அப்படி இருக்கு மேடம்."

மாமி அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்ததுபோல் இருந்தது.

"அப்படின்னா நன்னாத்தான் இருக்கும்" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் விடும்படி டம்ளரை நீட்டினார்.