நீளனும் நெட்டையனும்

என் மனைவி பிரசவம் பார்க்கிறவள். மிஷன் ஆஸ்பத்திரியில் படித்துத் தேறி, நாகர்கோவிலிலும் சுற்று ஊர்களிலும் வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். அவள் மாட்டு வண்டி பிடித்துப் போய்ச் சேருவதற்குள் பிள்ளை பிறந்து பெயரும் வைத்துவிடுவார்கள் என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிக்கமாட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது அவள், ஆசைப்பட்டது நான்.

மார்த்தாண்டத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். தேங்காய்ப்பட்டணத்துக்காரர், கொழும்பில் வேலை பழகியவர். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு தோட்டத்துத் துரையின் இரண்டு வண்டிகள் அவரிடம் விற்பனைக்கு நின்றன. ஒன்று அமெரிக்க வண்டி. தாழ்வாக, நீளமாக, கால் வைத்துக்கொள்ளப் பலகையோடு இருந்தது. உட்கார்ந்தால் சாய்வு நாற்காலி தோற்றுப்போகும். பின்னால் உட்காருகிறவருக்கும் மெத்தை வைத்த இருக்கை உண்டு. மற்றது இங்கிலீஷ் வண்டி. உயரம், ஒல்லி, பின்னால் வெறும் இரும்புக் கேரியர். மெக்கானிக் முதலாவதை நீளன் என்றும் இரண்டாவதை நெட்டையன் என்றும் சொன்னார். எங்கள் வீட்டிலும் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

"ரண்டையும் ஓட்டிப் பாருங்க, சாரே. ஒரு மாசம் அது, ஒரு மாசம் இது. இருக்கிற சொகம் பாத்து எடுக்காதீங்க, போற எடம் பாத்து எடுங்க" என்றார்.

புரட்டாசியில் நெட்டையன் வந்தான். கேரியரில் தலையணையை மடித்துக் கட்டி, அதன்மேல் அவள் ஒருபக்கமாக உட்கார்ந்துகொள்வாள், மடியில் மருந்துப் பெட்டி. கோட்டாற்றுச் சந்தை நெரிசலில் நெட்டையன் ஆட்டுக்குட்டி மாதிரி புகுந்து வெளியே வந்துவிடுவான். கல்லுச் சாலையிலும் நிற்கமாட்டான். ஆனால் எலும்பு எலும்பாக எண்ணிக் கொடுப்பான். அதில் நான் ஏறிப் போவதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். அது என் காதுக்கும் வந்தது.

ஐப்பசியில் நெட்டையன் மார்த்தாண்டத்துக்குத் திரும்பினான், நீளன் வந்தான். சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் நேர்சாலையில், இருபக்கமும் வயல் பச்சையாகக் கிடக்க, காலை நீட்டிக்கொண்டு போனால் நானே ஒரு துரை. வடசேரியில் கடைக்காரர்கள் தராசைப் பிடித்தபடியே பார்த்தார்கள். சந்துக்குள் திருப்ப நாலு பேர் கூட வேண்டும் என்பதும், ஒருநாள் கோட்டாற்றில் கருவாட்டுக் கூடைகள்மேல் அது சாய்ந்து ஒரு வாரம் வண்டி மணத்துக்கொண்டிருந்தது என்பதும் எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை. ஆசை வெட்கமறியாது.

"நெட்டையன எடுப்போம். முதுகு வலிக்கும்தான், ஆனா போய்ச் சேருவோம்" என்றாள் மனைவி.

"அந்தக் கேரியர்ல இருந்தா ஒரேயடியா போய்ச் சேர்ந்துருவோம்" என்றேன்.

பேச்சு அதோடு நின்றது. மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது.

அந்த மாதம் அவள் நினைப்பெல்லாம் குலசேகரத்துக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. அங்கே பால்வெட்டும் தொழிலாளி ஒருவருடைய மனைவிக்கு மூன்றாவது பேறு. முதல் இரண்டும் பிறந்த அன்றே போய்விட்டன. இந்தப் பிள்ளையை நானே வந்து கையில் வாங்குவேன் என்று என் மனைவி அவளிடம் சொல்லியிருந்தாள். அப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

தோட்டத்துக்கு இரண்டு வழி. நல்ல சாலையில் போய் ஓர் ஆற்றில் இறங்கிக் கடப்பது ஒன்று. மழையில் அது முடியாது. பாலம் வழியாகச் சுற்றி மலைப்பாதையில் ஏறுவது மற்றது. அது முழுக்கக் கல்லும் வேரும். மூன்று நாளாக மழை. ஆற்றில் இறங்க முடியுமா என்று கேட்டுச் சொல்லும்படி குலசேகரம் பஸ் கண்டக்டரிடம் வியாழக்கிழமை நான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்த கண்டக்டர் வீட்டு வாசலுக்கே வந்தார். மனைவி உள்ளே கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாரே, தோட்டத்தில இருந்து ஆளு வந்து சொல்லிச்சு. வெள்ளம் போயாச்சாம். நர்சம்மாவ வரச் சொன்னாவ" என்றார். சொன்னதைச் சொன்னபடி ஒப்பித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் உள்ளே போய், "ஆத்துல தண்ணி வடிஞ்சிட்டாம். உன்ன வரச் சொன்னாங்களாம்" என்றேன்.

"வேற ஒண்ணும் சொல்லல்லியா?"

"இல்ல. குளிச்சு, கஞ்சி குடிச்சிட்டுப் போவலாம். ஆத்து வழிதான் தெறந்து கிடக்கே, நெட்டையன எடுக்க மார்த்தாண்டத்துக்குப் போவ வேண்டாம், நீளன்லேயே போவலாம்" என்றேன். நீளனைத் துடைக்கவும் எனக்கு நேரம் இருந்தது. நாங்கள் கிளம்பும்போது மணி பத்து.

குலசேகரம் வரைக்கும் சுகமான பயணம். ஆற்றங்கரைக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். ஆறு கரை தொட்டு, செம்மண் நிறத்தில், மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது.

எனக்குக் கோபம் வந்தது. "வெள்ளம் போயாச்சுன்னு ஒரு பொய்ய சொல்லி விட்டிருக்கான் பாரு" என்றேன்.

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். "என்ன சொன்னாவ?"

"வெள்ளம் போயாச்சுன்னு."

"அந்தச் சொல்லேதான் சொன்னாவளா? ஆறுன்னு சொன்னாவளா?"

ஆறு என்று அவர் சொல்லவில்லை. மேற்கே, மலையாளம் கலந்த பேச்சில், வெள்ளம் என்றால் தண்ணீர். எங்கள் நாஞ்சில் நாட்டில் அது பெருக்கெடுத்து வருவது. இது எனக்குத் தெரியாததல்ல. பையன்கள் கட்டுரையில் 'வெள்ளம் குடித்தான்' என்று எழுதினால் சிவப்பு மையால் அடிக்கிறவனே நான்தான். ஆற்றைக் கேட்டு அனுப்பியிருந்ததால் ஆற்றுக்கே பதில் என்று எடுத்துக்கொண்டேன். அதைத் திருத்தி வேறு, என் தமிழில் அவளுக்குச் சொன்னேன்.

"அது அவளுக்க வெள்ளம்" என்றாள் மனைவி. "பனிக்குடம் உடைஞ்சிட்டு. நேத்து ராத்திரியே உடைஞ்சிருக்கும்."

பாலத்துக்குத் திருப்பினேன். மலைப்பாதையில் நீளனின் கால்பலகை கல்லுக்குக் கல் இடித்தது. இரண்டாவது வளைவில் வண்டியின் அடிவயிறு ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டது, முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. அவள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் ஏறத் தொடங்கினாள். நானும் வண்டியை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர அரைமணிக்கு முன்னால் பிள்ளை பிறந்திருந்தது. ஆண். கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. சுற்றி நின்ற பெண்களுக்கு அதை எடுத்துவிடத் தெரியவில்லை. என் மனைவி அந்தப் பிள்ளையின் வாயில் வாய் வைத்து வெகுநேரம் ஊதினாளாம். நான் வெளியே கூரை இறவாணத்துக்குக் கீழே நின்றேன். அழுகைச் சத்தம் ஒன்று வரும் என்று காத்திருந்தேன், தாயின் அழுகைதான் வந்தது. அதற்குப் பிறகு தாய்க்கு உதிரம் நிற்காமல் போக, மனைவி பொழுது சாயும்வரை இருந்து அவளைக் காப்பாற்றினாள்.

திரும்பும்போது தோட்டத்து ஆட்கள் நீளனைப் பாறையிலிருந்து தூக்கி இறக்கித் தந்தார்கள். வழியில் அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, "இனிமே ஆளு என்ன சொன்னாலும் சொன்னபடியே எங்கிட்ட சொல்லுங்க. அர்த்தம் நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை நீளனை மார்த்தாண்டத்தில் கொண்டுபோய் விட்டேன்.

"பிடிக்கல்லியா, சாரே?" என்றார் மெக்கானிக்.

"பிடிச்சுது. அதுனாலதான் கொண்டுவந்தேன்" என்றேன். அவர் நெட்டையனை எடுத்துக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் தாயைப் பார்க்க நெட்டையனில் போனோம். அதே மலைப்பாதை. நீளன் உட்கார்ந்துபோன பாறைமேல் நெட்டையன் ஏறி இறங்கிப் போனான். நான் ஒருமுறைகூட இறங்கித் தள்ளவில்லை. அன்றைக்கும் இப்படித்தான் போயிருப்பான். பின்னால் இருந்தவளும் அதையே நினைத்திருப்பாள்.

மனைவி உள்ளே போனதும் அந்த வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். கையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

"நாங்க கொஞ்சம் நேரத்தே ஆளு விட்டிருக்கணும், சாரே. தப்பு எங்களுக்கதான்" என்றார்.

தலையை ஆட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஒரு நிமிஷம் எனக்கு அந்த எண்ணம் இருந்தது, மறைக்கவில்லை. வாசலில் மனைவி வந்து நின்றாள். என்னையே பார்த்தாள்.

"நீங்க நேரத்தேதான் சொல்லி விட்டீங்க" என்றேன். "வெள்ளம் போயாச்சுன்னு சொன்னது எனக்குத்தான் மனசிலாகல்ல. ஆத்து வெள்ளம்னு நெனச்சிட்டேன்."

அவர் என் முகத்துக்கு நேரே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

"சாரு என்ன செய்வீங்க" என்றார். "எங்களுக்குத் தமிழு ஒழுங்கா பேசத் தெரியாதுல்லா."