சங்கத்துக் கதிரை

அந்தக் கதிரைக்கு இரண்டு கைப்பிடிகள். ஆசனம் பிரம்பு பின்னியது. எங்கள் கடற்கரை ஊரின் கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் இருந்த ஒரே நல்ல கதிரை அதுதான். எந்த வீட்டில் எஞ்சினியருக்கு விருந்தோ, அந்த வீட்டுக்கு அவருக்கு முன்னமே அது சைக்கிள் கரியரில் கயிற்றால் கட்டப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிடும். பெரும்பாலும் கொண்டுபோனவன் நான்தான். பாயில் இருந்து சாப்பிடுகிற வீடுகளில் வெள்ளைக்காரரை எங்கே இருத்துவது என்ற சிக்கலுக்குச் சங்கத் தலைவர் கண்டுபிடித்த வழி அது. "எங்களுக்கெண்டு கடல் கடந்து வந்த மனிசன். நிலத்திலை இருத்தினால் சனம் என்ன கதைக்கும்?" என்பார்.

எழுபதுகளின் தொடக்கம். நான் சங்கத்தில் கிளாக்கர். இங்கிலீஷ் தெரியும் என்ற கொழுப்பும் கொஞ்சம் இருந்தது. ஐரோப்பாவின் வடக்கே, குளிர்கடல் ஓரத்து மீன்பிடி ஊர் ஒன்றின் சங்கத்தோடு நாங்கள் கடிதத்தில் பழகினோம். கடிதங்களை எழுதியவனும் நான்தான். அதன் பலனாக முதலில் ஆறு எஞ்சின்கள் வந்தன. அவற்றை வள்ளங்களில் பூட்டவும், பழுது பார்க்க எங்கள் ஆட்களைப் பழக்கவும் பிறகு எஞ்சினியர் வந்தார். இரண்டு வருஷம் எங்களோடு இருந்தார்.

அதுவரை எங்கள் வள்ளங்கள் காற்றை நம்பிப் போனவை. காற்று விழுந்தால் விடியப் போனவர்கள் பொழுது சாய்ந்தும் வரமாட்டார்கள். கரையில் பெண்கள் நெற்றியில் கையை வைத்தபடி நிற்பார்கள். எஞ்சின் பூட்டிய பிறகு மீன் பழுதாகாமல் அச்சுவேலிச் சந்தைக்குப் போனது. எங்கள் ஆட்களின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு எஞ்சினைக் கழற்றிப் பூட்டச் சொல்வார் எஞ்சினியர். இருட்டில் நடுக்கடலில் நின்றுபோனால் கைக்குத்தான் கண் வேண்டும் என்பது அவர் பாடம். என் மச்சான் ஒருமுறை அப்படித்தான் உயிரோடு கரை சேர்ந்தான்.

அந்த நன்றிக்குத்தான் இத்தனை விருந்தும். கதிரையில் அவர் இருப்பார், முன்னால் ஒரு ஸ்டூல், அதன்மேல் பீங்கான் தட்டு. வீட்டுக்காரர் நிற்பார், மனைவி நிற்பாள், பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள், மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நிற்பேன். "இன்னும் போடுங்கோ, மனிசனுக்கு வெக்கம்" என்று யாராவது சொல்வார்கள். அவர் பழகிய முதல் தமிழ்ச் சொல் 'காணும்', போதும் என்பதற்கு. இரண்டாவது, போகிற இடமெல்லாம் உட்காரும்படி அவருக்குச் சொல்லப்பட்ட 'இருங்கோ'. ஆரம்பத்தில் ஒவ்வொரு வீட்டிலும் என்னிடம், "நீயும் இரு, சேர்ந்து சாப்பிடலாம்" என்று இங்கிலீஷில் கேட்பார். "நீங்கள் சாப்பிடுங்கள், நான் பிறகு" என்பேன். சில மாதங்களில் கேட்பதை விட்டுவிட்டார். எஞ்சினைச் சுற்றி நாலு பேரோடு தோள் முட்டக் குந்தியிருந்து சிரிக்கிற மனிதர், தட்டைக் கண்டதும் வாய் திறக்கமாட்டார். உறைப்புத்தான் காரணம் என்று தலைவர் எல்லா வீட்டுக்கும் மிளகாயைக் குறைக்கச் சொல்லியனுப்பினார். எப்பேர்ப்பட்ட மடையர்கள் நாங்கள்!

அவர் ஊர் திரும்புவதற்கு முதல்நாள் பின்னேரம் கடற்கரையில் காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினோம். நண்டும் இறாலும் போட்ட பெரிய பானை. எல்லோரும் மணலில் வட்டமாக இருந்து, பனையோலையில் மடித்த பிளாவில் வாங்கி ஊதி ஊதிக் குடித்தோம். அவருக்கு மட்டும் வழக்கம்போலக் கதிரை, பீங்கான் கோப்பை. இரண்டு வாய் குடித்தவர் திடீரென்று எழுந்து வந்து, மச்சானுக்கும் எனக்கும் இடையில் மணலில் இருந்துவிட்டார்.

நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். விருந்தாளி நிலத்தில் இருக்க நாங்கள் எப்படி இருப்பது? "இருங்கோ, இருங்கோ" என்றார் அவர், அழகான தமிழில். மொழிபெயர்க்கத் தேவையே இல்லை. ஒருவரும் இருக்கவில்லை. மரியாதையாகச் சிரித்துக்கொண்டு நின்றோம். அண்ணாந்து என்னைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார்: "இரண்டு வருஷம். ஒரு நாள்கூட ஒருவரும் என்னோடு இருந்து சாப்பிடவில்லை."

"என்னவாம்?" என்று கேட்டார் தலைவர்.

"எங்கடை உபசரிப்பைச் சாகும்வரை மறக்கமாட்டாராம்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். எஞ்சினியர் எழுந்து, காற்சட்டையில் மணலைத் தட்டிவிட்டு, கதிரைக்குத் திரும்பிப் போனார்.

அவர் போன பிறகும் உறவு அறவில்லை. கேட்டபோதெல்லாம் அங்கிருந்து எஞ்சின் சாமான்கள் வந்தன. மச்சான் அங்கே ஆறு மாதம் பயிற்சிக்குப் போய், எஞ்சினியர் வீட்டிலேயே தங்கினான். திரும்பி வந்து சொன்னான்: "முதல் நாளே என்னைத் தங்கடை பிள்ளையளுக்கு நடுவிலை இருத்திப்போட்டினம் அத்தான். எல்லாரும் ஒரே மேசை. எனக்கு வீட்டு நினைப்பே வரேல்லை." உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். சாமான் கேட்டுத்தான் எழுதினேன்.

சங்கக் கந்தோர் மூடியபோது கதிரை என்னிடம் வந்தது. பிரம்பை இரண்டு தரம் புதிதாகப் பின்னியாயிற்று. இப்போது என் சாப்பாடும் அதில்தான். மனைவி இல்லை, பிள்ளைகள் மூவரும் மூன்று தேசங்களில். மத்தியானத்தில் பக்கத்து வீட்டுப் பெண் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடியும்வரை வாசலோடு நிற்பாள். மரியாதை தெரிந்த பிள்ளை. நேற்றும் கேட்டுப் பார்த்தேன்.

"இரு பிள்ளை, நீயும் போட்டுச் சாப்பிடு."

"நீங்கள் சாப்பிடுங்கோ மாமா, நான் பிறகு."

முழங்கால் மடங்குமென்றால் கதிரையை விட்டிறங்கி நிலத்தில் இருந்து பார்த்திருப்பேன்.