சித்தி எடுத்த பூதம்

கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எல்லோரும் மந்திரவாதியையோ வில்வீரனையோதான் எடுப்பார்கள். என் சித்தி மட்டும் பூதத்தை எடுப்பாள். ஒவ்வொரு இனத்துக்கும் பலம் இவ்வளவு, அறிவு இவ்வளவு என்று பச்சைக்கோடு போட்டுக் காட்டுகிற விளையாட்டு அது. பூதத்தின் பலக்கோடு திரையின் ஓரத்தை முட்டும். அறிவுக்கோடு இருக்கிறதா என்று கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும்.

சித்தி அம்மாவின் தங்கை. இன்ஜினியரிங் படிப்பதற்காகப் பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். நான் அப்போது ஆறாவது படித்தேன். காலேஜில் கொடுத்த லேப்டாப்பில் அவள், அப்பா வாங்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டரில் நான். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், அருகருகே உட்கார்ந்தும் கத்தித்தான் பேசுவோம். நான் மந்திரவாதி. அறிவில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு நினைப்பு.

பூதத்திடம் எதைக் கேட்டாலும் அது மூன்றே பதில்தான் தட்டும். ஆமா, தெரியாது, பசி. எங்கெங்கோ இருந்து விளையாடுகிறவர்கள் அதன் தலையில் மூட்டையை ஏற்றுவார்கள். அது சந்தோஷமாகச் சுமந்து போகும். ஒருநாள் விடுகதை சொன்னால்தான் திறக்கும் கதவு முன்னால் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். சித்திக்கு விடை தெரியும். என் காதில்கூடச் சொன்னாள். ஆனால் பூதமோ தலையைச் சொறிந்துகொண்டு, "பசி" என்றது.

"தெரிஞ்சும் ஏஞ்சித்தி சொல்ல மாட்டீங்கற?"

"சொன்னா அடுத்த கதவையும் என்னையத்தான் தொறக்கச் சொல்லுவாங்க சாமி. ஒண்ணும் தெரியாதவளாக் கொஞ்ச நேரம் கெடக்கறது எத்தன சொகம் தெரியுமா?"

வீட்டில் அவளுக்கு அந்தச் சுகம் கிடையாது. தறி மோட்டார் நின்றாலும், பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்கு வராவிட்டாலும், "அந்தப் புள்ளயக் கூப்புடு" என்பார்கள். எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்டவர்கள் கல்யாணத்துக்கு மட்டும் கேட்கவில்லை. மேலே படிக்கக் கோயமுத்தூரில் இடம் கிடைத்த சமயத்தில், எடப்பாடிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

பெண் பார்க்க வருகிற அன்று, தலை பின்னிக்கொண்டே சித்தி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "இன்னைக்கு நாந்தான் பூதம். இப்பிடி ஒரு மக்கு வேண்டாம்னு அவங்களே எந்திரிச்சுப் போயிருவாங்க பாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தி போகமாட்டாள், கோயமுத்தூரில் படித்துக்கொண்டு வாராவாரம் விளையாட வந்துவிடுவாள் என்று குதித்தேன்.

சித்தி நன்றாகவே நடித்தாள். சமைப்பாயா என்றால் "தெரியாதுங்க". கம்ப்யூட்டர்தானே படித்தாய், அதில் என்ன செய்வார்கள் என்றால் "தெரியாதுங்க". நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கடைசியில் மாப்பிள்ளையே கேட்டார். நல்ல மனுஷன், தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். "மேல படிக்கோணும், வேலைக்குப் போகோணும்னு ஏதாச்சும் ஆசை இருக்குதுங்களா?"

சித்தி நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாவையும் அம்மாவையும் பார்த்தாள். பிறகு பூதத்தைப் போலவே தலையைச் சொறிந்தாள்.

"தெரியாதுங்க."

மாப்பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "காலேஜு படிச்ச புள்ள, வாய் பேசுமோன்னு பயந்துட்டே வந்தமுங்க. இது பச்சப்புள்ளயாட்ட இருக்குது. பூ வெச்சுட்டே போயர்றமுங்க" என்று பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். மக்கு வேண்டாம் என்று ஓடுவார்கள் என நாங்கள் போட்ட கணக்கு அந்த இடத்தில் சுத்தமாகக் கவிழ்ந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு நான் தனியாக விளையாடினேன். சித்தியின் பெயர் பட்டியலில் சாம்பல் நிறத்தில் கிடக்கும். அவள் நுழைந்தால் அது பச்சையாகும். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்றும் புதிய விளையாட்டு எதையாவது திறந்தால், பக்கத்தில் அவள் இல்லையே என்று மனசு ஏங்கத்தான் செய்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் போனைப் பிடுங்கிக்கொள்வேன்.

"சித்தி, எப்ப வெளையாட வருவே?"

"தெரியாது."

"பக்கத்துல ஆராச்சும் இருக்கறாங்களா?"

"ஆமா."

"கோயமுத்தூர் காலேஜுக்கு அடுத்த வருசம் போயர்லாமில்ல?"

"தெரியாது சாமி."

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவ்வளவு தூரம் போயும் சித்தி எனக்காக இன்னும் பூதமாகவே பேசுகிறாளே! நானும் குரலைத் தடிப்பாக்கி, "பூதம், பசி" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.