பெட்டிகள் முதலில் போன விடுமுறை

நிலாவெளிக்குப் போகும் முதல் பஸ் என் வீட்டு வாசலில் நிற்பதில்லை. அன்று நின்றது. கண்டக்டர் மிதிபலகையில் இருந்தபடியே குனிந்து, "ரீச்சர், தையலக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா. அவவின்ர மனிசன் உங்களைக் கூட்டிவரச் சொன்னவர்" என்றார். நான் கதவைப் பூட்டப் போனேன். வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் வழக்கம்போல் குடைக்குக் கை நீட்டினேன். ஆணியில் குடை இல்லை. அது அவள் வீட்டில் இருந்தது.

நிலாவெளியில் அவளைத் தையலக்கா என்றால்தான் தெரியும். சொர்ணம் என்ற பெயரை உங்களில் பலர் மரண அறிவித்தலில்தான் முதன்முதலாக வாசித்திருப்பீர்கள். எனக்கு அவள் மச்சாள், தாய்மாமனின் மகள். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அந்த மூன்று மாதத்தை வைத்து வாழ்நாள் முழுவதும் என்னை அதிகாரம் பண்ணியவள். "தையல் எங்கே பழகினீங்கள்?" என்று கேட்பவர்களிடம், "தீவில" என்பாள். கேட்டவர்கள் சிங்கப்பூர் என்று நினைத்துக்கொண்டு மரியாதையோடு போவார்கள். அவள் திருத்த மாட்டாள். அந்தத் தீவின் கதையை இன்று நான் சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு வெளிச்சவீடு காக்கும் உத்தியோகம். விரிகுடாவின் வாயிலில் ஒரு சின்னத் தீவு. ஒரு கோபுரம், ஒரு கல்வீடு, உவர்த்தண்ணீர்க் கிணறு ஒன்று, பத்துப் பதினைந்து பனை. அவ்வளவுதான். ஓகஸ்ட் விடுமுறை தொடங்கியதும் அம்மா எங்கள் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவார். ஐயா கந்தோர் வேலையோடு பட்டினத்தில் இருப்பார். குடிதண்ணீரும் அரிசி சாமானும் கிழமைக்கு இரண்டு தரம் மூதூர்க் காசிம் காக்காவின் படகில் வரும்.

சொர்ணத்தின் தாய், என் மாமி, இல்லாத வீடு அது. சொர்ணத்துக்குப் பத்து வயதாக இருந்தபோது மாமி காய்ச்சலோடு அதே படகில் ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று ஒருவரும் படகுத்துறை வரைக்கும்கூடப் போகவில்லை. சொர்ணம் முற்றத்தில் சோழி விளையாடிக்கொண்டிருந்தாள். "போட்டு வாறன் பிள்ளை" என்று தாய் சொன்னதற்கு "ம்" என்றாள், தலை நிமிரவில்லை. மாமி திரும்பி வரவில்லை. இதை அவள் வளர்ந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள்.

எங்களுக்குப் பதினேழு வயதானபோது மாமாவுக்கு ஓய்வு வந்தது. அந்த ஓகஸ்ட் முடிய வெளிச்சவீட்டைக் கையளித்துவிட்டு எல்லாரும் கரைக்கு வந்துவிடவேண்டும். பாதி மாதம் போனதுமே வீட்டில் துக்கம் கொண்டாடத் தொடங்கிவிட்டோம். சம்பல் இடிக்கும்போதும் அம்மாவுக்குப் பெருமூச்சு. ஒருநாள் காலை இடியப்பத்துக்கு முன்னால் சொர்ணம் வெடித்தாள்.

"இப்பிடி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தா மிச்ச ரெண்டு கிழமையும் நாசம். போறதை இண்டைக்கே போவம்."

"எங்கையடி போறது?" என்றார் அம்மா.

"போறமாதிரிப் போய் அழுது முடிச்சிட்டு வருவம் மாமி. அழுகையை முன்னுக்கே அழுதிடவேணும். பிறகு வாறதெல்லாம் மிச்சம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். மாமாவினதைத் தவிர எங்கள் உடுப்பெல்லாம் பெட்டிகளில் ஏறின. ஐந்து பெட்டி. கயிறு போட்டுக் கட்டி, படகுத்துறை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் அடுக்கினோம். கோபுரத்தைச் சுற்றி வந்தோம். கிணற்றுக்கட்டைத் தொட்டுக் கும்பிட்டோம். பகிடியாகத் தொடங்கிய அம்மா குசினி வாசலில் நின்று உண்மையாகவே குலுங்கி அழுதார். அதைப் பார்த்துச் சின்னதுகளும் அழுதன. "விசருகள்" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இராக் காவல்காரருக்குப் பகலில்தான் நித்திரை. அவருடைய கண்ணும் சிவந்துதான் இருந்தது. சொர்ணம் கையைத் தட்டினாள். "முடிஞ்சுது. வாங்கோ, குளிப்பம்." எல்லாரும் தீவின் மறுபக்கத்துக்கு ஓடினோம்.

ஒரு மணி நேரம் கழித்து ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தால் துறையில் பெட்டிகள் இல்லை. பெட்டிகள் இருந்த இடத்தில் தண்ணீர்ப் பீப்பாக்கள் நின்றன. மறுநாள் கச்சான் காற்று பலமாக அடிக்கும் என்று கண்ட காசிம் காக்கா ஒருநாள் முன்னதாக வந்திருக்கிறார். கயிறு கட்டிய பெட்டிகளைக் கண்டிருக்கிறார். நித்திரையில் கிடந்த மாமாவை எழுப்பவும் மனமில்லாமல், சாமான் முதலில் போகிறது, ஆட்கள் பிறகு வருகிறார்கள் என்று தானே விளங்கிக்கொண்டு ஏற்றிப் போய்விட்டார். தூரத்தில் பாய் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

காற்று அடங்கி அவர் அடுத்த தரம் வந்தபோது ஐயா எழுதிய துண்டுக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். "பெட்டிகள் ஐந்தும் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தது. மாமாவின் சாரத்தை உடுத்திக்கொண்டு நின்ற அம்மாவைக் கண்டதும் காக்கா திகைத்துப்போனார்.

"அல்லாவே! நான் செஞ்சது பிழையா போச்சோ, தங்கச்சி?"

"நாளைக்கே திருப்பிக் கொண்டுவாங்கோ காக்கா" என்று அம்மா தொடங்கினார். சொர்ணம் குறுக்கே விழுந்தாள்.

"வேண்டாம் மாமி! பெட்டி வந்தா திரும்பக் கட்டவேணும். கட்டினா திரும்ப அழவேணும். நாங்கள் போயிட்டம். பெட்டியே சாட்சி. இஞ்ச நிக்கிறது மிச்சம்."

அம்மா சாரத்தை இறுக்கிச் செருகிக்கொண்டார். "அவள் சொல்லுறதும் சரிதான், காக்கா" என்றார். காக்கா தலையைச் சொறிந்துகொண்டே படகை எடுத்தார்.

அதற்கிடையில் சொர்ணம் தன் தாயின் பழைய கைத்தையல் மெசினைத் தூசி தட்டியிருந்தாள். துணி? பகலில் வெளிச்சவீட்டு விளக்குக் கண்ணாடியில் வெயில் படாமல் திரை போட்டு மூடுவார்கள். அதில் ஒரு சோடி மேலதிகமாக அலுமாரியில் இருந்தது. "அரசாங்கச் சாமானடி!" என்று மாமா கத்தியபோது கத்தரிக்கோல் பாதி வழி போயிருந்தது. அதுவரை அவள் முகம் துடைக்கிற ஒரு கைலேஞ்சிகூடத் தைத்ததில்லை. முதல் சட்டை என்னுடையது. ஒரு கை முழங்கைக்கு மேலே நின்றது, மறு கை மணிக்கட்டில் வந்து முடிந்தது. ஆறாவது சட்டை கடைச் சட்டை மாதிரி இருந்தது.

பிறகு வந்த பதினாறு நாளை எப்படிச் சொல்வது? நண்டுக் குழம்பு வைத்தோம். பாறையில் இருந்து துறைமுகத்துக்குள் போகும் கப்பல்களுக்குப் பட்டப்பெயர் வைத்தோம். பொழுதுபட, விளக்கு ஏற்றும் மாமாவின் பின்னால் வரிசையாகப் படியேறினோம். ஒரு நண்டைப் பார்த்துக்கூட "இதுதான் கடைசி" என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லித் தீர்த்துவிட்டோமே.

கையளிக்கிற நாளில் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் ஒருவர் பட்டியலோடு வந்தார். "திரை, இரண்டு சோடி" என்று வாசித்தார். ஒன்றுதான் இருந்தது. முப்பது வருடம் ஒரு கறையும் இல்லாமல் வேலை செய்த மாமா அலுமாரிக் கதவை இன்னொருதரம் திறந்து பார்த்தார். சொர்ணம் எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி, "மற்றது இந்தா நிக்குது, ஐயா" என்றாள். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். என் சட்டைக் கைகளில் பார்வை நின்றது. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பட்டியலில் "உபயோகத்தில் உள்ளது" என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். குளிக்கப் போகிறவர்கள் மாதிரி வெறுங்கையோடு படகேறினோம். ஒருவரும் அழவில்லை.

இந்தச் சித்திரை கழிந்ததும் அவள் எனக்கு ஆள் அனுப்பினாள். வைத்தியர் அவளுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் என்று சொல்லியிருந்தார். "எடி புவனம், வா, பெட்டியைக் கட்டுவம்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விசர்க்கதை கதையாதை. என்னால ஏலாது" என்று எழும்பினேன். அவள் என் கையைப் பிடித்தாள். "அம்மா போகேக்க நான் தலை நிமிரேல்லை. உனக்கு அது வேண்டாம்" என்றாள். இருந்தேன். சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னோம். அதை இங்கே எழுத மாட்டேன். வாய்விட்டு அழுதோம். கடைசியில் என் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுது. தேத்தண்ணி போடு, சீனியைப் பார்த்துப் போடு" என்றாள்.

இரண்டு மாதம் ஆறு மாதமாயிற்று. சனிக்கிழமை தவறாமல் போனேன். ஊர்ப் புதினம் கதைத்தோம். என் சமையலை அவள் பழித்தாள். பழித்துக்கொண்டே சாப்பிட்டாள். நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசிச் சனிக்கிழமை பஸ்ஸுக்கு நேரமாகி நான் ஓடும்போது, கட்டிலில் இருந்து, "குடையை மறந்திடாதை" என்றாள். "ஓம் ஓம்" என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். எங்களுக்குள் கடைசிப் பேச்சு அதுதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தத் திரைச் சட்டை எப்போதோ இற்றுப்போய்விட்டது. அவளிடமிருந்து என்னிடம் இருப்பது மிச்சம் என்ற அந்த ஒரு சொல்லும், அதை எண்ணாமல் செலவழிக்கிற பழக்கமும்தான். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து புறப்பட்டபோது, அவள் கணவர் குடையை எடுத்து நீட்டினார். "உங்கட குடை, தங்கச்சி." "அது அங்கேயே மிச்சமா இருக்கட்டும், அண்ணை" என்றேன். அவளோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. திரும்ப ஆணியில் மாட்டினார்.

கார்த்திகை மழை. தெப்பமாக நனைந்து பஸ் ஏறினேன்.

"என்ன ரீச்சர், உங்களிட்டக் குடை இல்லையோ?" என்றார் கண்டக்டர்.

"இருக்குத் தம்பி. மச்சாள் வீட்டில."