பேஸ் கிட்டாரும் ஒரு மண்டல விரதமும்

கோதிக் ராக் இசையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் கறுப்பு உடுப்பில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் எரிச்சல் வரும். கறுப்பு உடுப்பு பிறகு வந்தது. முதலில் வந்தது, அடியில் நின்று முழங்கும் பேஸ் கிட்டார். மற்ற இசைக்குழுக்களில் பேஸ் வாசிக்கிறவன் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவன் மாதிரி. அவன் இல்லாவிட்டால்தான் அவனைத் தேடுவார்கள். இந்த இசையில் மட்டும் அவன் மெட்டைத் தானே தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தான். நானும் அப்படிப் பேஸ் வாசித்த ஒருவன். ஆகவே இதையெல்லாம் நடுநிலையோடு சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்து, பிளேஸ்டோவில் அக்காவும் அத்தானும் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒட்டிக்கொண்டேன். கிழமை நாட்களில் கல்லூரி. சனி ஞாயிறு பகலில் அப்டன் பார்க் பக்கம் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. என்னோடு அதே ஷிப்டில் நின்றவன் ஒரு வெள்ளைக்காரப் பொடியன். என் வயதுதான் இருக்கும். வெயிலையே கண்டிராத முகம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கேசட் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ஒரே மாதிரியான பாட்டுகளைப் போட்டபடி இருப்பான். முதல் இரண்டு கிழமையும் எனக்குத் தலையிடி. மூன்றாவது கிழமை, இதற்கு என்ன பெயர் என்று நானாகவே கேட்டேன்.

கேட்டதுதான் தாமதம், முழுச் சரித்திரத்தையும் அவிழ்த்துவிட்டான். எழுபதுகளின் கடைசியில் பங்க் இசை ஆர்ப்பாட்டமாக வந்து, சில வருடங்களிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அதைக் கேட்டுக் கிட்டார் வாங்கிய பொடியன்கள் கையில் கிட்டார் மட்டும் மிஞ்சியது. ஆலைகள் மூடிய வடக்கு நகரங்களிலும், லண்டனைச் சுற்றிய அலுப்பான புறநகர்களிலும் அவர்கள் வேலை இல்லாமல் இருந்தார்கள். கத்திக் களைத்தவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இடம் விட்டார்கள். அந்த இடத்தில்தான் இந்த இசை பிறந்தது என்பது அவன் கட்சி. எனக்கும் இன்றுவரை அதே கட்சிதான்.

கிட்டார்காரன் நரம்புகளை மொத்தமாக வாரி அடிப்பதை விட்டு, ஒவ்வொரு சுரமாக உதிர்த்தான். அந்தச் சுரம் காலடியில் கிடக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய் இரண்டு மூன்றாகப் பெருகி, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு வெளியே வரும். ட்ரம்ஸ் வாசிக்கிறவன் பளபளக்கும் தட்டுகள் பக்கமே போகாமல் பெரிய தோல் ட்ரம்களைத் திரும்பத் திரும்ப அடித்தான். ஆள் கிடைக்காத குழுக்கள் ஒரு ட்ரம் மெஷினை வாங்கிக்கொண்டன. அது பிந்தி வராது, கோபித்துக்கொண்டு போகவும் போகாது. பாடுகிறவர்கள் பலர் கிணற்றுக்குள் இறங்கி நின்று கதைக்கிற மாதிரி அடித்தொண்டையில் பாடினார்கள். இத்தனைக்கும் நடுவில் பேஸ் தன் தடித்த நரம்புகளை விட்டு மேல் நரம்புகளுக்கு ஏறி மெட்டை இழுத்துக்கொண்டு போகும்.

அந்த எதிரொலியில் பாதி, லண்டனில் குடியேறிய கரீபியன்காரர்களின் டப் இசைத் தட்டுகளிலிருந்து வந்தது. பேஸை முன்னுக்கு வைத்து மற்றதையெல்லாம் எதிரொலிக்க விடுகிற வித்தையை அவர்கள் முதலே செய்துவிட்டார்கள். இதைப் பெரும்பாலானவர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள், நான் சொல்லாமல் விடமாட்டேன். கோதிக் என்ற பெயரும் பத்திரிகைக்காரர்கள் ஒட்டியது. கூர்மாடம் வைத்த பழைய தேவாலயங்களும் பேய்க் கதைகளும் அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எந்தக் குழுவும் அந்தப் பெயரை மனமுவந்து ஏற்கவில்லை. பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாகத் திரிந்த எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு புதினமும் இல்லை.

எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. சின்ன வயதில் கொஞ்சக் காலம் வயலின் படித்தவன் நான். வெள்ளைக்காரப் பாட்டுகள் அடிக்கடி சுருதி மாறி மாறிப் போவது எனக்குக் கால் தரிக்க விடாது. இந்தப் பாட்டுகள் மட்டும் ஒரே சுருதியில் நின்று நிதானமாகச் சுற்றின. வந்த நாட்டில் முதல் தடவையாக ஒரு சத்தத்துக்குள் நிம்மதியாக இருந்தேன். பெட்ரோல் ஸ்டேஷன் பொடியனும் ஒரு குழு வைத்திருந்தான். அதில் பேஸ் வாசித்தவன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும், அவனுடைய கிட்டாரையும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் சந்தோஷமாகத் தலையைக் கொடுத்தேன்.

இனி உடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் சேர்ந்தால் கறுப்பு உடுத்த வேண்டும். கறுப்புக் கால்சட்டை, கறுப்புச் சட்டை, கறுப்பு நீளக் கோட்டு. கழுத்தில் போட கேம்டன் சந்தையில் ஒரு மணிமாலை வாங்கினேன். சவரம் செய்வதை விட்டேன். குழுவில் பாடிய பெட்டை மச்சம் மாமிசத்தின் வாசமே ஆகாதவள். எங்களையும் சாப்பிட விடமாட்டாள். அவளுடைய கொள்கையை நான் அவ்வளவு வேகமாக ஏற்றுக்கொண்டதற்கு அவளுடைய கண்கள்தான் காரணம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். பிளேஸ்டோ வீட்டில் எனக்குக் கிடைத்தது பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை. ஒலிபெருக்கியை உள்ளே கொண்டுவந்ததும் கட்டிலுக்கு இடமில்லாமல் போனது. கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு நிலத்தில் படுத்தேன்.

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நல்ல நாளில் கறுப்புச் சீலையைக் கண்ணாலும் பார்க்காதவள் அவள். ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் சோறு தின்ன எனக்கென்று ஒரு புதுக் கோப்பை வாங்கி வைத்தாள். மரக்கறியைத் தனிச் சட்டியில் சமைத்தாள். நான் வீட்டில் நிற்கும் நேரத்தில் மீன் பொரிக்கமாட்டாள். என் கறுப்பு உடுப்புகளைப் புறம்பாகத் தோய்த்து, மடித்து, கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவாள். லண்டன் வாழ்க்கை அக்காவை மாற்றிவிட்டது என்று நினைத்தேன். மடையன்.

அந்தக் கார்த்திகையில் அத்தான் என்னைக் கூப்பிட்டு, அக்கா பிள்ளைத்தாய்ச்சி என்று மெதுவாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் கூட வந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. முதல் தடவை, கிரகண நேரத்தில் கத்தி பிடித்து மரக்கறி வெட்டியதுதான் காரணம் என்று அவள் முடிவு செய்தாள். இரண்டாவது தடவை, அத்தானின் கூட்டாளி ஒருவரின் செத்த வீட்டுக்குப் போனது காரணம். டாக்டர்கள் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மாதக்கணக்காகத் தன்னையே திட்டிக்கொண்டு திரிந்தாள். நான் கண்ணால் கண்டவன். மூன்றாவது தடவையும் அப்படி நடந்தால் அவள் எழும்பமாட்டாள் என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் இந்த முறை அவள் ஆச்சரியப்படும் அளவுக்கு அமைதியாக இருந்தாள். அடுப்படியில் நின்று தேவாரம் முணுமுணுத்தாள்.

அந்த அமைதிக்குக் காரணம் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. கோயிலில் அக்காவோடு பழகிய ஒரு டாக்டரின் மனைவி, மதுரைப் பக்கத்து அம்மா, மரக்கறிக் கடை வாசலில் என்னைக் கண்டதும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"சாமியே சரணம். சாமி ஒருநாள் நம்ம வீட்டு பஜனைக்கு வரணும். எங்க வீட்டுக்காரரும் வருஷா வருஷம் சபரிமலைக்குப் போறவர்தான்."

ஆளை மாற்றிப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"உங்க அக்கா எல்லாம் சொன்னாங்க. வயித்துல இருக்கிற குழந்தைக்காகத்தானே நீங்க விரதம் இருக்கீங்க? யார்கிட்டயும் சொல்லாம இருக்கீங்களாமே. கறுப்பு உடுத்துறது, மாலை போடுறது, தாடி, தரையில படுக்கிறது, எல்லாம் ஒரு மண்டலத்துக்கு ஐயப்பனுக்காகன்னு நான்தான் அவங்களுக்கு விளக்கினேன். அப்படியே அழுதுட்டாங்க. ரகசிய விரதத்தைப் பத்திக் கேட்டா பலன் போயிடும்னு உங்ககிட்ட வாயே திறக்கலையாம்."

நான் கடை வாசலில் வாழைக்குலை மாதிரி நின்றேன். எல்லாம் பொருந்தியது. வெறுங்காலோடு திரிய வேண்டிய விரதத்தில் என் சப்பாத்து ஒன்றுதான் இடித்திருக்கும். அதையும் குளிர் நாட்டுக்கு விலக்கு என்று அக்கா தானே தீர்ப்புச் சொல்லியிருப்பாள். கோதிக் ராக்கையும் ஐயப்ப விரதத்தையும் இப்படி ஒன்றாகப் பிணைக்க எங்கள் ஆட்களால்தான் ஏலும்.

வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். அடுப்படியில் அக்காவின் முகத்தைக் கண்டதும் வாய் எழும்பவில்லை. பிள்ளை பிறக்கும்வரை இருக்கட்டும் என்று விட்டேன். சும்மாவும் விடவில்லை. அன்றிலிருந்து காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். லண்டன் மார்கழியில் பச்சைத் தண்ணீர் என்ன செய்யும் என்பதைக் குளித்துப் பார்த்தால்தான் தெரியும். ஸ்ட்ராட்போர்டில் ஒரு பப்பின் மாடியில் எங்கள் குழு முதன்முதலாக வாசித்தபோது மற்றவர்கள் பியர் குடிக்க நான் தண்ணீர் குடித்தேன். எனக்கும் கடவுளுக்கும் அப்போது அவ்வளவு கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆனாலும் அக்காவின் நம்பிக்கைக்கு என்னால் ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று பயந்தேன்.

தைப் பொங்கலுக்குச் சில நாள் முந்தி, ஒரு பின்னேரம் ஒத்திகை நடக்கும் இடத்துக்கு அத்தான் போன் எடுத்தார். அக்காவுக்கு இரத்தம் போகிறதாம், ஆஸ்பத்திரியில் என்றார். குழுவுக்காகக் கண்ணில் பூசிய மையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். அத்தான் வாசலில் நின்றார். பிள்ளை போய்விட்டது என்று சொல்லிவிட்டு, அவளுக்கு மாற்று உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போனார்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என் சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினாள். நான் கட்டிலை நெருங்கியதும் கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராதை தம்பி. எனக்குத் துடக்கு. உன்ரை விரதம் கெட்டுப்போகும்."

நான் அப்படியே நின்றேன். அந்த வார்டில் எல்லாக் கட்டில்களுக்கும் பக்கத்தில் யாராவது இருந்தார்கள். இவளுக்குப் பக்கத்தில் வெறும் கதிரை.

"கெட்டுத்தான் போச்சு," என்றாள். "போன கிழமை மீன் கறிக் கரண்டி உன்ரை கோப்பையிலை பட்டது. கண்டனான். வேறை கோப்பை எடுக்கப் பஞ்சிப்பட்டு, கழுவிப்போட்டு அதிலையே உனக்குச் சோறு போட்டனான். நீ இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடிச்ச விரதத்தை நான் கெடுத்துப்போட்டன். அதுதான் பிள்ளை தங்கேல்லை."

கிரகணக் கத்தி, செத்த வீடு, இப்போது கரண்டி. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"அக்கா, நான் விரதமில்லை."

"பொய் சொல்லாதை."

"சத்தியமா. இது நாங்கள் வாசிக்கிற பாட்டுக்கு உடுத்திற உடுப்பு. அந்தப் பாட்டுக்காரர் எல்லாரும் இப்பிடித்தான் திரியிறவை."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப மாலை?"

"சந்தையிலை வாங்கினது."

"மச்சம் சாப்பிடாமல் இருந்தது?"

"எங்களோடை பாடுற பெட்டைக்குப் பிடிக்காது."

"நிலத்திலை படுத்தது?"

"பெட்டி பெரிசு அக்கா. கட்டில் போட இடமில்லை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. பக்கத்துக் கட்டிலுக்குத் தேத்தண்ணி வந்து போனது. அதற்குப் பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள்.

"அப்ப அந்தக் கரண்டி பட்டது?"

"கரண்டி பட்டால் என்ன, விரதம் பிடிச்சால்தானே அது கெட?"

"அப்ப நான் ஒரு பிழையும் விடேல்லையோ?"

"இல்லை அக்கா. ஒண்டும் விடேல்லை."

"முந்தியும்?"

"முந்தியும் இல்லை."

அவள் வெறும் கதிரையைக் கண்ணால் காட்டினாள்.

"பேந்து ஏன்ரா அங்கை நிக்கிறாய்? கிட்ட வா," என்றாள்.

கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு இருந்தேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதல் இரண்டு தடவையும் தன்னைத் திட்டித் திட்டி அழுதவள், அன்று பிள்ளைக்காக மட்டும் அழுதாள்.