பெல்ட்டைக் கழற்றிய காலை

எங்கள் நாயைக் கடற்கரையில் விட்டுவிட்டு வந்தவன் நான். தொலைந்துபோய்விட்டது என்றுதான் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். அதற்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதவில்லை. எழுதினால் கூப்பிட்டதுபோல் ஆகிவிடும்.

கீரப்பாளையத்தில் எங்கள் வீடு. கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒருமுறை நெஞ்சு வலி வந்து போன பிறகு, கடலூரில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடித்துக்கொண்டது. பேரனுக்கு வீசிங். நாய் மட்டும் வேண்டாம் என்றாள் மகள். நாய் இல்லாமல் தானும் வரப்போவதில்லை என்றாள் என் மனைவி. பத்து வருடமாக அவள் காலடியில் படுத்த நாய். கடைசியில் மகள்தான் இறங்கி வந்தாள். ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம் என்றாள். அந்த ஒரு வாரத்தைக்கூட நான் அதற்குக் கொடுக்கவில்லை. பேரனுக்கு இழுப்பு வந்தால் நாயோடு மனைவியும் கிளம்பிவிடுவாள், கூடவே நானும் திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

யோசனை சொன்னவன் என் மச்சான், மனைவியின் தம்பி. அவனிடம் கார் இருந்தது, ஒரு டென்ட்டும் இருந்தது. அக்கா பஸ்ஸில் முன்னால் போகட்டும், நாமும் நாயும் கடலோரமாக ஒரு நாள் தங்கிவிட்டு மெதுவாக வரலாம் என்றான். மீதியை அவள் இல்லாதபோது சொன்னான். அவளுக்கோ சந்தோஷம். உப்புக் காற்று நாய்க்குப் பழகட்டும் என்றாள். அது படுக்கும் பழைய புடவையை மடித்துக் கொடுத்தாள். அவள் பஸ் ஏறியதும் அந்தப் புடவையைக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். இனி எதற்கு என்று நினைத்தேன்.

அந்தப் பயணத்தை நாயின் பக்கம் இருந்து பார்க்க இப்போது முயல்கிறேன். காருக்குள் ஏறியதும் அது பின்சீட்டு முழுவதையும் முகர்ந்தது. புடவை இல்லை. அவள் வாசனை இல்லை. வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, புவனகிரியும் போய், முட்லூரில் பரங்கிப்பேட்டைச் சாலைக்குத் திரும்பும்வரை அது உட்காரவே இல்லை. வழக்கமாக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டும். அன்று என் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. மூச்சு என் காதில் பட்டது.

பரங்கிப்பேட்டையில் பிரியாணி வாங்கினோம். சாமியார்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டி மச்சான் டென்ட் அடித்தான். நாயின் அலுமினியத் தட்டையும் நான் எடுத்து வரவில்லை. பாக்குமட்டையில் ஒரு பொட்டலம் முழுவதையும் கொட்டி வைத்தேன். கறியோடு அவ்வளவு சோறு அதற்கு யாரும் வைத்ததில்லை. அது மட்டையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. கறித்துண்டு ஒன்றை மட்டும் எடுத்துத் தள்ளிப்போய் வைத்துவிட்டு, தின்னாமல் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் வானம் மூடிக்கொண்டு வந்தது. கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. மணல் மேட்டின் மேல் ஊர் நாய்கள் ஐந்து வந்து வரிசையாக நின்றன. ஒன்றும் குரைக்கவில்லை. எங்கள் நாய் கடலுக்கு முதுகைக் காட்டி, அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. இருட்டும்வரை இரண்டு பக்கமும் அசையவில்லை.

"பாத்தீங்களா மாமா, இதுக்குள்ளயே சொந்தக்காரங்க வந்துட்டாங்க" என்றான் மச்சான். நானும் சிரித்தேன்.

விடிந்ததும் டென்ட்டைப் பிரித்தான். "கழுத்து பெல்ட்ட கழட்டிடுங்க மாமா. அக்கா நம்பர் எழுதியிருக்கு. எவனாவது போன் பண்ணிடப் போறான்."

கழற்றினேன். நாய் உடனே என்னை விட்டு விலகி, இருபது அடி தள்ளிப் போய், தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வாலை இடுக்கிக்கொண்டது. அதுவே புரிந்துகொண்டு போகிறது என்றான் மச்சான். அது என்ன புரிந்துகொண்டது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் பெல்ட்டைக் கழற்றுவது குளிப்பாட்டுவதற்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நான் கழற்றுவேன். அது ஓடிப்போய்க் கொய்யா மரத்தடியில் இதே மாதிரி தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். நான் எவ்வளவு கூப்பிட்டாலும் வராது. மனைவி துண்டோடு வந்து ஒரு குரல் கொடுத்ததும் வந்துவிடும். பத்து வருடமாக இப்படித்தான்.

கொய்யா மரத்தடியில் நிற்பதாகவே நினைத்து அது நின்றது. அப்போதுதான் என்னால் அதை விட்டுவிட்டுப் போக முடியாது என்று தெரிந்தது. கூப்பிட்டேன். ஓரடி பின்னால் போனது. பிஸ்கட்டை நீட்டினேன். பெல்ட்டைத் தூக்கிக் காட்டினேன். நான் போன அளவுக்கு அது பின்வாங்கியது. மேட்டில் ஊர் நாய்கள் எழுந்து நின்றன.

"விடுங்க மாமா. நாம கூப்ட்டோம், அது வரல. அக்காகிட்ட இதயே சொல்லுங்க. பொய்யா இது?"

பொய் இல்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. என் சட்டைப் பையில் போன் இருந்தது. அவளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, ஒரு வார்த்தை கூப்பிடு என்று சொல்லியிருந்தால் போதும். நாய் வந்து காரில் ஏறியிருக்கும். ஆனால் பெல்ட்டை ஏன் கழற்றினீங்க என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து போனை எடுக்கவில்லை. நான் செய்த பாவம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கார் கிளம்பியபோது அது ஓடிவரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. துண்டோடு அவள் வருவாள் என்று காத்திருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஊர் நாய்கள் மேட்டை விட்டு இறங்கிக்கொண்டிருந்தன.

மகள் வீட்டு வாசலில் மனைவி தோளில் துண்டோடு நின்றிருந்தாள். உப்புத் தண்ணீரில் புரண்டு வரும் என்று வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். காருக்குள் எட்டிப் பார்த்தாள். கூப்பிட்டோம், வரவில்லை என்றேன். துண்டைக்கூட இறக்காமல் அப்படியே காரில் ஏறி உட்கார்ந்தாள். மச்சான் வண்டியைத் திருப்பினான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டியிருந்தது. டென்ட் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாயைப் பார்த்தீர்களா என்று மனைவி கேட்டாள்.

"அந்த செவல நாயா? நீங்க போனப்புறமும் அங்கியேதாம்மா நின்னுச்சு, தலய தொங்கப்போட்டுகிட்டு. எங்கூர் நாயிங்க வந்து வளச்சிக்கிச்சுங்க. அப்பகூட ஓடல. கடிச்சப்புறந்தான் வடக்கால போச்சு. காலு ஒண்ணு தரையில படல."

"தலய தொங்கப்போட்டுகிட்டா?" என்றாள் மனைவி.

"ஆமாம்மா. அடி வாங்கப்போற புள்ளையாட்டம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "பெல்ட்ட கழட்டினீங்களா?"

பெல்ட் என் பேன்ட் பையில் தொடையில் உறுத்திக்கொண்டிருந்தது. "இல்ல" என்றேன்.

அவள் துண்டைத் தோளிலிருந்து கையில் எடுத்துக்கொண்டு, அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி அலையோரமாக வடக்கே நடந்தாள். மூட்டு வலிக்காரி. ஒரு மைல் தூரமாவது போயிருப்பாள். நான் பின்னால் நடந்தேன். மணலில் நாய்க்காலடிகள் கொஞ்ச தூரம் தெரிந்தன. மூன்று கால்கள்தான் பதிந்திருந்தன. அப்புறம் அலை வந்து போன ஈர மணல்தான்.

இரண்டு வருடம் ஆகிறது. கடலூரில்தான் இருக்கிறோம். அவள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறாள். இந்தத் தெருவில் கொய்யா மரம் இல்லை. சாமியாரிடம் நான் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது எதையெல்லாமோ சொல்கிறேன், இதைச் சொன்னதில்லை. இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று இப்போது தெரிகிறது. பெல்ட் என் புத்தக அலமாரியில், அகராதிக்குப் பின்னால் இருக்கிறது. அவள் எழுதிய நம்பர் இன்னும் அழியவில்லை. இந்தத் தாள்களைச் சுருட்டி, அந்தப் பெல்ட்டை மாட்டி இன்று அவள் கையில் கொடுக்கப் போகிறேன். அவள் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.