தட்டை மீனா, பெர்ச்சா?

மேவிஸ் ஸ்கெல்டனோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் ட்ரென்ட் ஆற்றங்கரையில் ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையை ஆட்டிப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றவள், மறுநாளே தூண்டிலும் டீ பிளாஸ்க்குமாக வந்து உட்கார்ந்தாள். கடல் ஓதம் ஏறி இறங்குகிற இந்தப் பக்கத்தில் அவளுக்கு வேண்டியது தட்டை மீன் மட்டும். அது கடல் மீன், லைசென்ஸ் தேவையில்லை. விலாங்கு, பெர்ச் போன்ற ஆற்று மீன்களுக்குத் தூண்டில் போட்டால் கட்டாயம் வேண்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே மண்புழுதான். தண்ணீருக்குள் கிடக்கிற புழு எந்த மீனுக்கு என்று யார் கண்டார்கள்? அதனால் கரையைச் சொந்தமாக வைத்திருந்த ஊர் மன்றம், அங்கே உட்காருகிற எல்லாருமே காசு கட்டி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்று விதி போடக் கிளம்பியது. பென்ஷனில் காலம் தள்ளுகிற பாதிப் பேர் தூண்டிலைச் சுருட்ட வேண்டியதுதான். மேவிஸ் விடுவாளா?

"எதுக்குப் போட்டிருக்கோம்னு எங்களையே கேளுங்க. நெசத்தச் சொல்லுவோம். அதுக்கு நான் பொறுப்பு," என்றாள் மன்றத்தில்.

"ஒரு வருஷம் பாப்போம். ஒரு பொய் வெளிய வந்தாலும் விதி வந்துரும்," என்றார் தலைவர்.

நவம்பரில் பேய்மழை. மேலே இருந்த ஆற்று மீனெல்லாம் வெள்ளத்தோடு கீழே வந்துவிட்டது. பக்கத்தில் லைசென்ஸோடு உட்கார்ந்திருந்த பேரி டன்ஸ்டன், பெர்ச்சாக இழுத்து இழுத்துத் திரும்ப ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தான்.

"ஒன் தட்டை மீனு கடலுக்கே ஓடிருச்சு மேவிஸ். நீ டீயக் குடி."

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சின்ன முள்ளாக மாற்றி, பெர்ச் ஒதுங்கியிருந்த மர நிழலில் புழுவை இறக்கினாள். புத்தி கெட்ட வேலைதான், வேறென்ன சொல்ல? தக்கை ஆடுவதற்குள் லைசென்ஸ் சோதிக்கிற நதி அதிகாரி பிரெண்டிஸ் பின்னால் வந்து நின்றான்.

"என்ன மீனுக்கும்மா?"

"தட்டைன்னு சொல்லிரு, நான் வாயத் திறக்க மாட்டேன்," என்று பேரி முணுமுணுத்தான்.

உண்மையைச் சொன்னால் என்ன வரும் என்று மேவிஸுக்குத் தெரியும். கோர்ட், அபராதம், உள்ளூர்ப் பத்திரிகையில் பெயர். அத்தனை பேரிடமும் வாய் கிழியப் பேசியவளுக்கு இது தேவையா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பெர்ச்சுக்கு," என்றாள். "லைசென்ஸ் இல்ல. எழுதிக்க, கண்ணு."

பிரெண்டிஸின் பேனா நின்றது. "தட்டைன்னு சொல்லியிருந்தா நம்பிட்டுப் போயிருப்பேனேம்மா."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

அவன் பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டான். நல்லவன்தான், ஆனாலும் எழுதாமல் விடவில்லை. அவளும் கெஞ்சவில்லை. ஸ்கெல்டன் என்ற பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிவிட்டுத் தூண்டிலைச் சுருட்டினாள்.

பிரெண்டிஸ் அடுத்து உட்கார்ந்திருந்த கிழவரிடம் போய், "என்ன மீனுக்குய்யா?" என்றான்.

"தட்டை மீனுக்கு."

அவன் திரும்பி மேவிஸை ஒருமுறை பார்த்தான். வேறொன்றும் கேட்காமல் நோட்டை மூடிக்கொண்டு நடந்தான்.